கூரைச் சிலேட்டில் மாட்டுக் கன்னம்

ஹாலிஃபாக்ஸ்,
திங்கள் காலை.

மெல்போர்னில் வாழும் எனக்கு மூத்தவளான டோரீன் அக்காவுக்கு, தம்பி கீத் மரியாதையோடு எழுதுவது. உன் முட்டிவலியும் அத்தானின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். இங்கே மழை, பக்கத்து வீட்டு நாய், அரசாங்கம் எல்லாம் வழக்கம்போலத்தான். நான் மட்டும் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நேற்று வெளியே சாப்பிடப் போனேன். உனக்குப் போனில் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். கேட்டிருந்தால் கத்தியே தீர்த்திருப்பேன்.

நம் லியானுக்கு ஜூனில் கல்யாணம் என்று உனக்குத் தெரியும், விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். மாப்பிள்ளை ஹியூகோவின் அப்பா ஜைல்ஸ், அம்மா ஃபிலிப்பா, இருவரும் என்னை முதன்முறையாகப் பார்க்க லண்டன் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று போன வாரம் லியான் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை டின்னர்ப்பா, உங்க தெரு முனையில இருக்கிற வீவர்லதான். வழக்கமான நேரம். கோட் போட்டுக்கங்க" என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு விஷயம்பா. கூரை வேலைன்னு சொல்லிராதீங்க. பழைய கட்டடப் பாதுகாப்பு நிபுணர்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "யாரை?" என்று கேட்டேன். "உங்களைத்தாம்பா" என்றாள். நாற்பத்தொரு வருடம் இந்த ஊரின் பாதிக் கூரைகளில் குப்புறப் படுத்துக் கிடந்தவன் நான். லியானின் அம்மா ஷீலா போனபிறகு இந்தப் பெண்ணை வளர்த்த காசு முழுக்க அங்கிருந்துதான் இறங்கி வந்தது. ஆனாலும் என்ன செய்ய? ஒரு வேளைச் சாப்பாடுதானே, வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்குத்தான் அக்கா, என்னைக் கொன்றது.

வீவர் என்றால் நம் அப்பா குடித்த வீவர்ஸ் ஆர்ம்ஸ் பப்தான். இப்போது பெயரில் 'ஆர்ம்ஸ்' இல்லை, நெசவாளியின் கையை வெட்டிவிட்டு ஆளை மட்டும் பெயர்ப்பலகையில் வைத்திருக்கிறார்கள். உள்ளே கம்பளத்தைக் கிழித்து வெறும் பலகையாக்கி, டார்ட்ஸ் அட்டை இருந்த இடத்தில் துருப்பிடித்த அரிவாளை மாட்டியிருக்கிறார்கள். அந்த அரிவாளைப் பிடித்த எவனும் இன்று அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. நான் கோட் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றேன். பக்கத்துத் தெரு டெர்ரியின் மகள் கோர்ட்னிதான் வாசலில் நோட்டு வைத்துக்கொண்டு நின்றாள்.

"லியான் பேர்ல அஞ்சு பேருக்கு டின்னர்னு எழுதியிருக்கு மாமா."

"டின்னருக்குத்தாம்மா வந்திருக்கேன்."

"ரொம்ப சீக்கிரமா வந்துட்டீங்களே!"

"பொண்ணு வீட்டுக்காரன் சீக்கிரம் வந்தா குத்தமா?"

"உங்க இஷ்டம் மாமா" என்று ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று, ஒருவரையும் காணோம். என் போன் வீட்டில் சார்ஜரில் கிடந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் முறைப்பார்களே என்று ஒரு பைண்ட் பீரும் சாப்பாட்டு அட்டையில் முதலில் இருந்ததையும் சொன்னேன். அதன் பெயர் "மில் தொழிலாளியின் ரொட்டி". வந்ததைப் பார்த்தால், அக்கா, சுட்ட ரொட்டியில் உருக்கிய மாட்டுக்கொழுப்பு! சம்பளத்துக்கு முந்தின நாள் வியாழக்கிழமை, வீட்டில் வேறு எதுவும் இல்லாதபோது, அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நமக்குத் தடவிக் கொடுப்பாளே, அதே ரொட்டி, மேலே ஒரு இலை. சமையல் தலைவன் ஜாஸ்பர் என்று ஒருவன், தாடியும் தோல் ஏப்ரனுமாக மேசைக்கே வந்துவிட்டான்.

"இது ரொம்ப நேர்மையான சாப்பாடு சார். மில்லுல வேலை பாத்தவங்க சாப்பிட்டது."

"தம்பி, எங்கப்பா மில்லுலதான் இருந்தார். நேர்மைக்காகச் சாப்பிடல, வேற இல்லாததால சாப்பிட்டார்."

"அப்படியா! அப்ப உங்களுக்கு அசல் ருசி தெரியுமே, எப்படி இருக்கு?"

"உப்பு பத்தல" என்றேன். பொய். நன்றாகவே இருந்தது, எனக்கு எரிச்சலே அதுதான். இன்னொரு தட்டு வாங்கினேன், இன்னொரு பைண்ட், பட்டாணி சூப். காலையிலிருந்து ஒரு தடவைகூட உட்காரவில்லை என்றாள் கோர்ட்னி. உட்காரம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டால், "வேலைக்கு உலை வச்சிராதீங்க மாமா" என்று ஓடினாள். மூன்று மணிக்கு எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய இடத்து ஆட்கள் என்னை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். "இவங்க சம்பந்தமும் வேணாம், இவங்க சாப்பாடும் வேணாம்!" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து லியானுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, மூணு மணி நேரம் என்னைத் தனியா உக்கார வச்சிட்டாங்களே உன் மாமனார் மாமியார்!"

"அப்பா, டின்னர் ஏழு மணிக்கு. மத்தியானம் எதுக்குப் போனீங்க?"

"வழக்கமான நேரம்னு நீதானே சொன்னே!"

"டின்னருக்கு வழக்கமான நேரம் ஏழுதானேப்பா."

"யாருக்கு வழக்கம்?" என்று கேட்டேன். அக்கா, நம் வீட்டில் டின்னர் என்றால் மத்தியானம், சாயங்காலம் சாப்பிடுவது டீ. அவள் பள்ளிக்கூடத்தில் டின்னர் மணி அடித்ததும் மத்தியானம்தான். ஆறு வருடம் லண்டனில் இருந்ததற்கு என் பெண்ணின் சாப்பாட்டு வேளையையே நகர்த்திவிட்டார்கள்.

ஏழு மணிக்கு அதே கோட்டோடு மறுபடி போனேன். "ரெண்டாவது ரவுண்டா மாமா?" என்றாள் கோர்ட்னி. பின்னாலேயே ஃபிலிப்பா. "ஓ, இங்க அடிக்கடி வருவீங்களா?" என்று கேட்டாள். "இன்னிக்கு அடிக்கடி" என்றேன். லியான் என் காலை மிதித்தாள். உட்கார்ந்ததும் ஃபிலிப்பா எல்லோருக்கும் சேர்த்து அதே மில் தொழிலாளி ரொட்டியைச் சொன்னாள். "எளிய ஜனங்களோட சாப்பாட்டுல ஒரு ஆறுதல் இருக்கு, இல்லையா?" என்றாள். மூன்றாவது தட்டைத் தின்றுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினேன். வாக்குக் கொடுத்திருந்தேனே. ஜைல்ஸ் அதிகம் பேசாத மனிதர். ஹியூகோ, தன் அம்மா சிரித்தால் சிரித்தான்.

பிறகு வந்தது மாட்டுக் கன்னம். கொழகொழவென்று வேகவைத்து, குழம்போடு, தட்டில் அல்ல, கூரைச் சிலேட்டின் மேல்! சத்தியமாக, அக்கா. வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய சிலேட்டுக்கல். கையெல்லாம் பரபரத்தது. பேசாமல் மென்றேன். அந்த ஜைல்ஸ் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்: "பழைய கட்டடத்துக்கு நீங்கதானே நிபுணர், இந்தக் கல் எந்த ஊர்க் கல்லா இருக்கும்?" கேட்டுக்கொண்டே சிலேட்டை என் பக்கம் தூக்கிக் காட்ட, குழம்பு கல்லிலிருந்த பழைய ஆணி ஓட்டை வழியாக ஃபிலிப்பாவின் வெள்ளைப் பாவாடையில் இறங்கியது.

"வேல்ஸ் கல்லுங்க" என்றேன். "ஆணி ஓட்டையை அடைக்காம விட்டிருக்கான். ஒழுகும்னு நான் சொல்ல வேண்டாம், அம்மாவோட பாவாடையே சொல்லுது. அதோட நாம சாப்பிடற பக்கம் வெயில் பட்ட பக்கம். நாப்பது அம்பது வருஷம் புறா உக்காந்து எந்திரிச்ச பக்கம்."

ஃபிலிப்பா கரண்டியை வைத்துவிட்டாள். "இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

"இந்த மாதிரி லட்சம் கல்லு கழட்டிப் போட்டிருக்கேம்மா. நான் கூரை வேயறவன்."

நான் லியானைப் பார்த்தேன். என் பெண் சிரித்தாள். கண்ணாடி கீழே விழும்போது கேட்குமே, அப்படி ஒரு சிரிப்பு. "அப்பா எப்பவும் இப்படித்தான், தமாஷ் பண்ணுவார்! கட்டடத்தைப் பரிசோதிக்கப் போனா தானே ஏணில ஏறிப் பார்ப்பார்" என்றாள். எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். நான் என் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். காய்ப்பு ஏறிய அவற்றை மேசைமேல் வைத்தால் பொய் நிற்காது. இனிப்பு வரும்வரை கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தே வந்தேன்.

ஆகவே அக்கா, முடிவு இதுதான். அந்தக் கல்யாணத்துக்கு அழைத்திருப்பது ஒரு கட்டட நிபுணரை. அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது. கூரைக்காரனுக்கு அழைப்பில்லை, அவன் போகப்போவதுமில்லை. உன் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நாம் பட்ட கஷ்டத்தை எடுத்து, மேலே ஒரு இலையை வைத்து, நமக்கே பரிமாறிவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கிற கூட்டம் அது. அவர்களோடு எனக்கு இனி ஒரு பேச்சும் கிடையாது. அத்தானுக்கு என் அன்பைச் சொல். பேரப்பிள்ளைகள் பசி தெரியாமலும் கொழுப்பில்லாமலும் வளரட்டும். கடவுள் உங்கள் எல்லோருக்கும் நல்ல கூரையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கூரை வேயும் உன் தம்பி,
கீத்.

பி.கு: டிக்கெட்டை ரத்து செய்யாதே. இதை உறையில் போடும்போது வாசல் மணி அடித்தது. ஜைல்ஸ், தனியாக, குடையில்லாமல். பப்பிலிருந்து அவர்கள் தங்கிய விடுதிக்குப் போகிற வழியில் லியான் காரை நிறுத்தச் சொல்லி, "எங்கப்பா தமாஷ் பண்ணல, பொய் சொன்னது நான்" என்று அழுதிருக்கிறாள். கேட்டதிலிருந்து தூக்கமில்லை என்றார். உள்ளே வாருங்கள் என்றேன். இந்த அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார்: "எங்கப்பா க்ராய்டன்ல பஸ் கண்டக்டர். போக்குவரத்து நிர்வாகத்துல இருந்தார்னு ஃபிலிப்பாகிட்ட சொல்லி முப்பத்தாறு வருஷமாச்சு. உங்க பொண்ணு ஒரு வாரத்துலயே உண்மையைச் சொல்லிட்டா." நான் தேநீர் வைத்துக் கொடுத்தேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நம் அப்பா மாதிரியே தேநீரைச் சாஸரில் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கி, ஊதி ஊதிச் சத்தம் போட்டுக் குடித்தார்.