மேம்பாலத்துக்கு நான் அடிபணிந்த காலை

சான் பெனிட்டோ,
செவ்வாய்க்கிழமை, முற்பகல்

அன்பிற்கினிய தங்கை மார்செலீனாவுக்கு,

அண்ணன் எவேலியோ எழுதும் மடல். லிமோன் கடற்காற்று உன் மூட்டுவலியைத் தணித்திருக்கும் என்றும், மைத்துனர் மருத்துவர் சொல்லுக்குப் பணிந்து உப்பைக் குறைத்திருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம். உன் அண்ணி யாமிலெத்தும் நலம். இந்த இரண்டாம் செய்தியை எழுதும் பேறு எனக்குக் கிட்டும் என்று இன்று காலை ஏழரை மணிக்கு நான் நம்பவில்லை.

நம் நெடுஞ்சாலையின் வட்டச் சந்திப்பை நீ அறிவாய். நாற்புறத்து ஊர்திகளும் முட்டிக்கொள்ளும் அந்த வட்டத்தை நாள்தோறும் பதினொரு பள்ளிப் பிள்ளைகளோடு தன் சிற்றுந்தில் கடந்தவள் உன் அண்ணி. வாழைக்குலை ஏற்றிய சரக்குந்து ஒன்று சென்ற ஆண்டு அதன் பின்கதவைப் பெயர்த்துக்கொண்டு போனதும் அங்கேதான். அவ்வட்டத்தை அகற்றி மேம்பாலம் கட்ட வந்தபோது எதிர்த்து முழங்கியவன் யார்? நானே! வலப்புறம் ஓட்டியே பழகிய நம் மக்கள் பாலத்தின்மேல் மட்டும் குறுக்கே கடந்து இடப்புறம் ஓட்ட வேண்டுமாம்! தேவாலயத் திடலில் நாற்காலிமேல் ஏறி நின்று கேட்டேன்: "இடப்பக்கம் ஏறுபவர் எப்பக்கம் இறங்குவார்? மேலுலகப் பக்கம்!" திடல் அதிர்ந்தது. மறுநாள் முதல் மண்வாரி எந்திரத்தின் முன் அதே நாற்காலியில் ஒன்பது நாள் அமர்ந்தேன். பொறியாளர் நொயெமி வந்து, "வாத்தியாரே, ரெண்டடி தள்ளிப் போட்டுக்குங்க. உங்களுக்கு நிழல், எனக்கு வேலை" என்றாள். தள்ளிப் போட்டேன். பாலம் எழுந்துவிட்டது.

இன்று திறப்பு. விடியலில் கிளம்பிய யாமிலெத் ஏழு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும்; ஏழரை ஆயிற்று, காணோம்; அலைபேசியில் அழைத்தேன், அது குளிர்பெட்டியின் மேலிருந்தே ஒலித்தது; மீட்புக் குழுவை அழைத்தேன்; முகவரி கேட்டாள் ஒரு பெண்; வட்டச் சந்திப்பிலிருந்து முந்நூறு மீட்டர் தெற்கே, பச்சைக் கதவு என்றேன்.

"அந்த ரவுண்டானாவைத்தான் இடிச்சாச்சே ஐயா! இல்லாத இடத்துலேருந்து முந்நூறு மீட்டரை நான் எப்படி அளக்கிறது?"

தெருப்பெயரும் வீட்டெண்ணும் இன்றி வாழும் ஓர் ஊரின் முகவரியையே இடித்துவிட்டார்கள், தங்கையே! வீட்டுச் செருப்போடு பாலத்துக்கு ஓடினேன். யாமிலெத்தைக் காணோம் என்றதும் நொயெமி தன் ஜீப்பின் கதவைத் திறந்தாள். "ஏறுங்க வாத்தியாரே, ஏதாவது ஆகியிருந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும். உங்க கண்ணாலயே பார்த்துடுங்க." பாலத்தின் நான்கு கிளைச்சாலைகளிலும் ஏறி இறங்கினோம். விளக்கு பச்சையாகியது, இடப்புறம் மாறினோம், இடக்கைப்பக்கம் திரும்பினோம், எதிரே எவரும் இல்லை!

"எதிர்ல வர்றவன் குறுக்க வரவே முடியாது. அதுக்குத்தான் பக்கம் மாத்தறது. இனி மோதணும்னா ஆளைத் தேடிப் போய்த்தான் மோதணும்."

நொறுங்கிய கண்ணாடி ஒரு துண்டும் இல்லை. என் கண்ணில் நீர் வழிந்தது. நொயெமி கண்ணியமாகச் சாலையையே பார்த்து ஓட்டினாள்.

வீடு திரும்பினேன். உன் அண்ணி மேசையில் அமர்ந்து சோறும் பயறும் உண்டுகொண்டிருந்தாள்!

"எங்கேடி போனே?"

"பிள்ளைங்களை விட்டுட்டு வரேன், வேற எங்க போவேன்? வழி நெடுக ஒரு வண்டி குறுக்க வரலை. சொர்க்கமாட்டம் இருந்துச்சு. உங்க மூஞ்சி ஏன் சுண்ணாம்பா இருக்கு?"

மார்செலீனா, நான் தோற்றேன். தோற்றதில் இத்தனை இன்பம் உண்டென்று அறியாதிருந்தேன். வரும் ஞாயிறன்று அதே திடலில் இந்தப் பாலத்தைப் புகழ்ந்து பேசப்போகிறேன்.

தேவ அன்னை உன் கூரையையும் அதன் கீழ் உறங்குவோரையும் காப்பாளாக. மைத்துனருக்கு என் வணக்கம்; பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
எவேலியோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அண்ணி இதைப் படித்தாள், சிரித்த சிரிப்பில் காப்பி சிந்திற்று. "நான் எங்க பாலத்துல போனேன்? காப்பித் தோட்டத்து மண்பாதையில சுத்திப் போனேன். திடல்ல நீங்க பேசினதுலேருந்து பாலத்தைப் பார்த்தாலே உங்க மேலுலகப் பக்கம்தான் ஞாபகம் வருது. இருபத்தெட்டு வருஷத்துல உங்க பேச்சை முழுசாக் கேட்டது அன்னிக்கு மட்டும்தான். அதையும் நம்பித் தொலைச்சேன்!" ஊரில் ஒருவரையும் மாற்றாத என் நாவன்மை இவள் ஒருத்தியை மாற்றியிருக்கிறது. பள்ளி விடும் நேரத்துக்குள் அவளைப் பழையபடி மாற்றியாக வேண்டும். முன்னிருக்கையில் நானும் ஏறப்போகிறேன். ஒரு நிபந்தனையோடு அனுமதித்திருக்கிறாள்: பாலம் கடக்கும்வரை நான் வாய் திறக்கக் கூடாதாம்.