ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

என் மனைவியைக் கையும் மாவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினேன்.

பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவன் நான். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்ப மாட்டேன். தராசு சொல்வதைத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே மாவு டப்பா கடகடவென்று காலியானால்? பக்கத்து வீட்டு அக்கா எங்கள் சமையலறையிலிருந்து கிண்ணத்தோடு போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். கிண்ணத்துக்கு மூடி வேறு!

ஒரு குட்டித் தராசு வாங்கி, சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேக் செய்வாள். இரண்டு கப் மாவு. ஒரு கப் நூற்றிருபது கிராம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. அவள் தொடங்குமுன் டப்பாவை நிறுத்தேன். முடித்துவிட்டுக் குளிக்கப் போனதும் மறுபடி நிறுத்தேன். முந்நூறு கிராம் குறைந்திருந்தது! அறுபது கிராம் சுவரேறிக் குதித்துவிட்டது!

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள்.

"மாவு எங்க போச்சு?"

"கேக்குக்குள்ள."

"அங்க போனது இருநூத்தி நாப்பதுதான். மிச்சம்?"

தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்னையே எடை போடுறீங்களா?"

"உன்னை இல்ல, மாவை."

"போதும், நிறுத்துங்க!"

"அதான் ரெண்டு தடவை நிறுத்தாச்சே!"

அவள் கப்பை எடுத்தாள். டப்பாவுக்குள் விட்டு, அமுக்கி அள்ளித் தராசில் கொட்டினாள். நூற்றைம்பது. பிறகு மாவைச் சலித்து, அதே கப்பில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டு நிறுத்தாள். நூற்றிருபது.

"நான் அமுக்கி அள்ளுவேன். கப் ஒண்ணுதான், கனம்தான் வேற. அக்கா கிண்ணத்துல போனது கேக் துண்டு. சந்தேகம் தீர்ந்துதா?"

தீர்ந்தால் நான் ஆம்பளையா? "அதான் சொல்றேன்! கப்பை நம்பினா இப்படித்தான். சமையலை கிராம்லதான் பண்ணணும்!"

"எனக்கு அதெல்லாம் வராதுங்க," என்றாள் பரிதாபமாக. "நீங்க தராசுலயே வாழுறவரு."

அடுத்த ஞாயிறு கேக் நான்தான் செய்தேன். மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் கிராம் பிசகவில்லை. பஞ்சு மாதிரி வந்தது. "இந்தக் கை யாருக்கு வரும்!" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை சூப். செவ்வாய்க்கிழமை ரொட்டி. அவள் நாற்காலியில் கால் நீட்டி வார இதழ் படித்தாள். சோகக் கதைக்கு எதற்குச் சிரிக்கிறாள்? எனக்குச் சந்தேகம்தான். போய்க் கேட்கலாமென்றால் அடுப்பில் பால்.

நேற்று சாயங்காலம் மதில் மேல் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு அண்ணன், ரயில் ஓட்டுகிறவர். மீசையெல்லாம் மாவு.

"தம்பி, மாவைச் சலிச்சுட்டு அளக்கணுமா, அளந்துட்டுச் சலிக்கணுமா?"

"உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?"

"எங்க வீட்ல மாவு குறையுதேன்னு ஒரு தராசு வாங்கினேன்..." அவர் குரல் தழைந்தது. "இப்பத்தான் ஜன்னல் வழியா காதுல விழுந்துச்சு. உங்க வீட்டம்மா இவளுக்குச் சொல்லிக் குடுத்தாங்களாம். 'மாவை அமுக்கி அள்ளுங்கக்கா, ஆளு தானா அடுப்படிக்கு வந்துடுவாரு'ன்னு."

அவர் வீட்டு ஜன்னலுக்குள் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

"சலிச்சுட்டே அளங்கண்ணே," என்றேன். "அளக்க அளக்க நமக்கு இன்னும் சலிச்சிடும்."