கடைத்தெரு சுற்றிப் பார்த்த கதை, மாப்பிள்ளையின் கவனத்துக்கு

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் மூச்சோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஹார்டுவேர் கடையில் ஆணியும் திருகும் நன்றாக விற்கட்டும்.

நேற்றுப் போனில், "உங்க வாயாலதான் என் பொண்ணுக்கு வேலை போச்சாமே அத்தை" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல வாயெடுத்தேன். கடையில் ஆள் நிற்கிறார் என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். இதில் நடுவில் குறுக்கே பேச முடியாது, கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு அந்தச் சுற்றுலா வண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளுக்கு ஒன்று சொல்லக் கூடாது. பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காத டிரைவர் இருந்தார். கழுத்தில் டையும் கையில் அட்டையுமாகக் கம்பெனி சூப்பர்வைசர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வரி ஆபீசர் ஒருவரும், அவரை ஓய்வெடுக்க விடாத அவர் மனைவியும் இருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது, அவர்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான். சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டியாக என் பேத்தி, உங்கள் மகள், இருந்தாள். நான் இருந்தேன். உங்கள் அக்கா இருந்தார்கள்.

உங்கள் அக்கா ஏன் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பழைய கடைத்தெருவையும் புது ஷாப்பிங் மாலையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் வேலை இது. மழைக்காலம் முடிவதற்குள் வேலை நிரந்தரமானால் பெண் இங்கேயே இருக்கலாம், ஆகாவிட்டால் வீட்டுக்கு வந்து உங்கள் கல்லாவில் உட்கார வேண்டும் என்று நீங்கள் சொன்னதிலிருந்து, அவள் தினமும் என் சமையலறையில் நின்று ஒத்திகை பார்த்தாள். "உங்கள் இடது பக்கம் பாருங்கள்" என்பாள், பார்த்தால் என் அடுப்பு இருக்கும். அடுப்பைப் பார்த்து நான் தலையாட்ட வேண்டும். கடைசிப் பரீட்சை அன்றைக்குத்தான். சூப்பர்வைசர் கூடவே வந்து மார்க்குப் போடுவார். வண்டியில் இத்தனை பேராவது இருந்தால்தான் கிளம்பும் என்று கம்பெனியில் ஒரு கணக்கு. முதல் நாள் மாலை யாருக்கோ காய்ச்சல் என்று இரண்டு இடம் காலியாகிவிட்டது. சொந்தக்காரர்களை ஏற்றக் கூடாதாம், ஏற்றினால் குறை சொல்ல மாட்டார்களாம். நம் குடும்பத்தை அவர்களுக்குத் தெரியவில்லை. பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, நீ எனக்கு யாருமில்லாத மாதிரி வரணும்" என்றாள். சரி என்றேன். இன்னொரு இடத்துக்கு யாரென்று யோசிக்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகு என் வாசற்படியை மிதிக்காத உங்கள் அக்கா, அன்றைக்கென்று பையும் கையுமாக வந்து உட்கார்ந்திருந்தவர்கள், "நான் வரேன்டி" என்றார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வண்டியில் ஏறியதும் பேத்தி ஒவ்வொருவர் தோளிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள். என் தோளில் ஒட்டும்போது, "வாங்க பாட்டிம்மா, இந்தப் பயணத்துல என்ன வாங்கணும்னு நினைக்கிறீங்க?" என்று முன்பின் பார்க்காதவள் போலக் கேட்டாள். அவ்வளவு நன்றாக நடித்தாள். "வீட்டுக்கு ஒரு நல்ல பூட்டு" என்றேன், உங்கள் அக்காவைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது என்பதால் தெரியாதவர்களாக நடிப்பது சுலபம் என்று நினைத்தேன். நடுவில் ஆபீசர் மனைவி வந்து உட்கார்ந்ததுதான் கெடுதல். அந்த அம்மாளுக்கு ஊர்க்கதை கேட்காவிட்டால் தலைவலி வரும் போலிருக்கிறது. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், மருமகள் எப்படி என்று ஆரம்பித்தார்கள். உங்கள் அக்கா பெருமூச்சு விட்டு, "எனக்குப் பிரச்சினை இல்லைம்மா. என் தம்பிக்குத்தான் மாமியார்னு ஒண்ணு வாய்ச்சிருக்கு. அது வாயைத் திறந்தா தெருநாய் வாலை மடக்கிக்கிட்டு ஓடும்" என்றார்கள். நான் அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்வது, "அப்படியும் இருப்பாங்களா, கொடுமைதான்" என்று உச்சுக் கொட்டினேன். உச்சுக் கொட்டியது என்னைப் பார்த்தே. அதோடு விட்டார்களா? "பொண்ணுக்குச் சீரா புது பீரோ குடுக்கிறேன்னு சொல்லி, பழசுக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சுக் குடுத்தாம்மா அந்தப் பொம்பளை" என்றார்கள். மாப்பிள்ளை, அந்த பீரோ புதியது. உங்களுக்குத் தெரியும். என் மகளுக்குத் தெரியும். செய்த ஆளுக்குத் தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. "எனக்கு ஒரு மக இருக்கா. அவளுக்கு ஒரு நாத்தனார். கல்யாணப் பந்தியில உக்காந்து, சோத்துல முடி கிடக்குன்னு ஊரைக் கூட்டினா. அந்தப் பந்தியிலேயே சாயம் போட்ட முடி அவளுக்கு மட்டுந்தாம்மா" என்றேன். உங்கள் அக்காவின் கை தானாகத் தலைக்குப் போனது. ஆபீசர் மனைவி எங்கள் இருவருக்காகவும் மனம் உருகி, "இவங்க சொல்ற மாமியாரையும் நீங்க சொல்ற நாத்தனாரையும் ஒரே வீட்டுல வெச்சுப் பூட்டணும்" என்றார்கள். அன்றைக்கு அந்த வண்டியில் பேசப்பட்ட ஒரே நியாயமான பேச்சு அதுதான்.

பழைய கடைத்தெருவில் இறங்கினோம். மூட்டை சுமப்பவர்கள் "வழி, வழி" என்று தோளை இடித்துக்கொண்டு போகிற சந்து. அதில் அந்தக் குடையை இறக்காமல் எங்களை ஆட்டு மந்தை மாதிரி சிதறவிடாமல் கொண்டுபோனாள் உங்கள் மகள். கயிற்றுக் கடை, பூட்டுக் கடை, பாத்திரக் கடை என்று ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, இந்தக் கடையில் காலையில் முதல் வியாபாரத்துக்கு விலை இறக்குவார்கள், அந்தக் கடையில் திரும்பி நடந்தால்தான் இறக்குவார்கள் என்று, கடைக்காரர்களே சிரிக்கும்படி சொன்னாள். ஆபீசர் ஒரு சல்லடையைக் கையில் எடுத்ததும் எனக்கு நாக்கு அரித்தது. கடைக்காரன் சொன்ன விலைக்கு நான் ஒன்று சொல்லியிருப்பேன். பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் அட்டையில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன், எல்லாம் டிக்குத்தான். ஆபீசர் மனைவி என் காதில், "இந்தப் பொண்ணைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க" என்றார்கள். "யார் பெத்த பிள்ளையோ" என்றேன் நான். அதைச் சொல்லிவிட்டு, பாத்திரக் கடைக்காரன் கொடுத்த டீயைக் குடிக்க முடியாமல் கொட்டினேன். இதெல்லாம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எழுதவில்லை, நடந்ததால் எழுதுகிறேன்.

பிறகு மால். உள்ளே நுழைந்ததும் குளிர் எலும்பைப் பிடித்தது. தரையில் நம் முகம் தெரிகிறது, காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. துணி மாட்டியிருந்த பொம்மைகளுக்குத் தலையே இல்லை. தலை இருந்தால் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு அதுவும் வெளியே நடந்திருக்கும். ஒரு பெண் கேட்காமலே என் மணிக்கட்டில் செண்டு அடித்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்றாள். வாய்க்குள் வந்ததை விழுங்கினேன். அன்றைக்கு நான் விழுங்கியதை எல்லாம் சேர்த்தால் ஒரு விருந்து.

மேல் மாடியில் மர சாமான், இரும்பு சாமான் விற்கும் பெரிய கடை. பேத்தி கடைசியாக அங்கே நிறுத்தி, இங்கே விலை பேச முடியாது, ஆனால் பழுதானால் மாற்றித் தருவார்கள், கடைத்தெருவில் அதற்கு நேர்மாறு, எது உங்களுக்கு வேண்டுமோ அங்கே வாங்குங்கள் என்று அழகாக முடித்தாள். சூப்பர்வைசர் அட்டையில் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்த நேரத்தில் உங்கள் அக்கா அங்கிருந்த ஒரு பீரோவின் கதவில் விரலை மடக்கித் தட்டி, ஆபீசர் மனைவியிடம், "கேளுங்க, புது பீரோ சத்தம் இப்படி இருக்கும். என் தம்பி வீட்டுல இருக்கிறதைத் தட்டினா டப்பா சத்தம் வரும்" என்றார்கள்.

நான் பேசிவிட்டேன். மறைக்கவில்லை. "டப்பாவா? பட்டறையில நான் கூடவே நின்னு, தகட்டைத் தட்டிப் பார்த்து, லாரி மேல ஏத்திவிட்ட பீரோம்மா அது. உன் தம்பி கல்யாணத்துக்கு நான் வித்த நிலம் அந்த பீரோவுக்குள்ள இருக்கு. நிக்கிறா பாரு என் பேத்தி, உன் தம்பி பொண்ணு, அவ சட்டை எல்லாம் மடிச்சு வெச்சு வளர்ந்த பீரோ அது" என்று அந்த மால் கேட்கச் சொன்னேன். மூச்சு வாங்கத்தான் நிறுத்தினேன். அப்போதுதான் எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. புது ஜோடிகூடப் பார்த்தது. ஆபீசர் மனைவி, "அப்போ அந்த மாமியார் நீங்களா?" என்று இரண்டடி நகர்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசர் பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டார். "இவங்க உன் பாட்டியாம்மா?" என்று பேத்தியைக் கேட்டார். ஒரு நிமிஷம் பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா சார், என் பாட்டி. அவங்க என் அத்தை" என்றாள் உங்கள் மகள்.

உங்கள் அக்கா விறுவிறுவென்று நகரும் படிக்கட்டுப் பக்கம் போனார்கள். அந்தப் படிக்கட்டில் காலை எடுத்துவைக்க ஒரு நேரம் இருக்கிறது, அது அவர்களுக்குத் தெரியாது. தடுமாறினார்கள். பிடிக்கத்தான் போனேன். தள்ளிவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தள்ளுவதாக இருந்தால் கல்யாணத்தன்றே தள்ளியிருப்பேன். இரண்டு பேருமாகக் கீழ்வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அவர்களுக்குக் கணுக்கால் பிசகியது. என் கண்ணாடி படிக்கட்டின் பல்லுக்குள் போய்த் தூளாகிவிட்டது.

திரும்பும் வழியிலும் உங்கள் மகள் அழவில்லை. வண்டி நின்றதும் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கூப்பினாள். நான் இறங்கும்போது, "எங்களோட வந்ததுக்கு நன்றி பாட்டிம்மா" என்று அதே குரலில் சொன்னாள். தோளிலிருந்த ஸ்டிக்கரை அவளே உரித்து எடுத்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் என் மடியில் விழுந்தாள். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ஆகவே வேலை என் வாயால் போனது என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் அக்காவின் வாய். மாப்பிள்ளை இதில் ஒன்றும் அறியாதவர், உங்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. சொன்ன சொல்லை மீறுகிற குடும்பம் இல்லை நாங்கள். வருகிற வெள்ளிக்கிழமை வண்டியில் பெண்ணை அனுப்பி வைக்கிறேன். கல்லாவில் உட்காரட்டும். நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிப் போடுங்கள். என் மகளிடம் முழங்காலுக்குத் தைலம் தடவச் சொல்லுங்கள். நீங்கள் எல்லோரும் குறையில்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று இந்தக் கிழவி வாழ்த்துகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: என் கண்ணாடி போய்விட்டதால் நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதியது உங்கள் அக்கா. கால் வீங்கியிருக்கிறது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் என் கட்டிலில்தான் படுத்திருக்கிறார்கள், தலையணை மேல் காலையும் கால் மேல் எழுதுகிற அட்டையையும் வைத்துக்கொண்டு. அவர்களைப் பற்றி நான் சொன்னது ஒன்றையும் மாற்றவில்லை. முடிக்குச் சாயம் என்கிற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் அழுத்தியிருக்கிறது. பீரோ புதியது என்பதை எழுதினார்களே தவிர, இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மாப்பிள்ளை ஒன்றும் அறியாதவர் என்ற வரியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். "எழுதும்மா" என்றேன். "பெரியம்மா, இது பொய்" என்றார்கள். பிறகு சொன்னார்கள். கல்லாவில் இருந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான், சம்பளம் கேட்காத ஆள் வேண்டும் என்று நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்து உங்கள் அக்காவை இங்கே அனுப்பி, வண்டியில் இடம் காலி என்று தெரிந்ததும் போனில், "நீ சும்மா கிழவி பக்கத்துல உக்காந்து பீரோ கதையை எடுக்கா, மத்ததைக் கிழவியே பார்த்துக்கும்" என்று சொன்னீர்களாம். என் வாயை நீங்கள் இவ்வளவு சரியாக அளந்து வைத்திருப்பது எனக்குத் தெரியாது. அந்த வரியை அடிக்க வேண்டாம், அடித்தால் தாள் அசிங்கமாகும், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பெண் வரமாட்டாள். எந்தக் கிழமையும் வரமாட்டாள். வேறு கம்பெனியில் கேட்டிருக்கிறாள், அதுவரை என் வீட்டில் சோறு இருக்கிறது. உங்கள் அக்காவும் கால் ஆறும்வரை வரமாட்டார்கள், ஆறினாலும் வருவார்களா தெரியாது. கல்லாவில் நீங்களே உட்காருங்கள். சூப்பர்வைசரை மன்னித்துவிட்டேன், அவர் அவருடைய வேலையைப் பார்த்தார். ஆபீசர் மனைவியையும் விட்டுவிட்டேன். உங்கள் அக்காவைப் பாதி மன்னித்திருக்கிறேன், மீதி பீரோவைப் பொறுத்தது. என் வாயை நான் மன்னித்தது எப்போதோ. ஒருவரை மட்டும் மன்னிக்காமலேதான் நான் கண்ணை மூடுவேன், பெற்ற மகள் பிழைப்பைக் கெடுக்கத் தன் அக்காவையே ஏவிவிட்ட தகப்பனை. அது நீங்கள், மாப்பிள்ளை.