சாமி அலமாரியில் இரண்டு குப்பிகள்

சிவமயம்

தச்சநல்லூர்,
திங்கட்கிழமை

ஆழ்வார்குறிச்சி உயர்திரு நமச்சிவாயம் அண்ணாச்சி அவர்களுக்கு, வருகிற நிச்சயதாம்பூலத்துக்குப் பிறகு சம்பந்தி ஆகப்போகிற (இதைப் படித்தபின் அது உங்கள் இஷ்டம்) குமரகுருபரன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி ஞானம்பாளும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் இல்லை. அங்கே உங்கள் நெற்றி நலமா என்று அறிய ஆவல்.

என் மகள் சித்ரலேகா, ஆற்றங்கரை முதுமக்கள் தாழிகளில் கிடைக்கிற மனித எலும்பு மண்ணுக்குள் எவ்வளவு நைந்திருக்கிறது என்று ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். எலும்பைப் பொடியாக்கி ஏதோ ஒளியைப் பாய்ச்சினால் உள்ளே கொலாஜன் என்கிற புரதம் எவ்வளவு மிச்சம் என்று தெரியுமாம். அந்தப் பொடியை ஒரு குப்பியில் வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "ஈரம் பட்டா எல்லாம் தப்பாயிரும்ப்பா" என்றாள். நம் வீட்டில் ஈரம் படாத இடம் சாமி அலமாரிதானே, நானே வைத்தேன். அவள் முன்பு கொடுத்த அதே மாதிரிக் குப்பியில்தான் திருச்செந்தூர்த் திருநீறும் அங்கே இருந்தது. என் புத்தி அப்போது எங்கே மேயப் போயிற்றோ.

மறுநாள் நீங்கள் பெண் பார்க்க வந்தீர்கள். காலையில் நான் பூசியது நல்ல குப்பிதான், அதில் சந்தேகமே இல்லை, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டேன், மணமாக இருந்தது. சாயங்காலம் நீங்கள் "துண்ணூறு எடும்வே" என்றதும் கைக்கு வந்ததை நீட்டினேன். நெற்றி, கழுத்து, கை என்று பூசிவிட்டு, "பழைய காலத்துச் சரக்குல்லா இது" என்றீர்கள். நான் பெருமையாகச் சிரித்துக் குப்பியையே கொடுத்தனுப்பினேன். சித்ரலேகா மிச்சக் குப்பியோடு ரயில் ஏறியபின் ஞானம்பாள் அலமாரியைத் துடைத்தாள், ஒரு சீட்டு உதிர்ந்து கிடந்தது: 'தாழி 7, தொடை எலும்பு'. "சம்பந்தி நெத்தியில யாரு தொடைய அப்பிவிட்டிய?" என்று கேட்டாள், அண்ணாச்சி. நேற்று நீங்கள் போனில், "மூட்டுவலி போயிட்டுவே, இன்னொரு குப்பி அனுப்பும்" என்றதும் நேரே கோயிலுக்கு ஓடினேன். குருக்களிடம் மூவாயிரம் வருஷத்துச் சாவுக்கு இப்போது தீட்டு உண்டா என்று கேட்டேன், பஞ்சாங்கம் அவ்வளவு பின்னால் போகாது என்கிறார்.

நீங்கள் தலை முழுகிவிடுங்கள். குப்பியை மட்டும் ஆற்றில் விட்டுவிடாதீர்கள், அது அரசாங்கச் சொத்து. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், சம்பந்தத்தை முறித்துவிடாதீர்கள். இதுவரை வந்த மூன்று மாப்பிள்ளைகளும் எலும்பு என்றதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். உங்கள் மகன் ஒருவர்தான் முன்னுக்கு இழுத்துப் போட்டுக் கேள்வி கேட்டார். அன்று என் பிள்ளை முகத்தில் பார்த்த சிரிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை.

நெல்லையப்பர் உங்கள் குடும்பத்தையும் தாழிக்காரர் குடும்பத்தையும் ஒருசேரக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டும்
குமரகுருபரன்

பி.கு.: கவரை ஒட்டும்போது சித்ரலேகா போன் செய்தாள். அவள் கொண்டுபோனதைச் சோதித்தார்களாம், எலும்பேதானாம். ஆக உங்களிடம் இருப்பது அசல் திருச்செந்தூர். ஆனால், "ரெண்டு சிட்டிகை குறையுதே, யாருப்பா தொட்டா?" என்று கேட்கிறாள். ஆகவே மேலே 'நீங்கள் பூசியது' என்று வருகிற இடமெல்லாம் 'நான் பூசியது, தின்றது' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.