தப்பிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்

'என்னிடம் தப்பிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்' என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. 'எதிர்த்துப் பேசாதே' என்று உறுமுகிற பழைய இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனிடம் பிழைப்பது எளிது, வாயை மூடிக்கொண்டால் போதும். இந்தப் புது இனம் அப்படியல்ல. இது சிரிக்கும். தோளைத் தட்டும். தப்பைச் சுட்டிக் காட்டினால் நன்றி சொல்லும். நன்றி சொல்லிவிட்டு அந்தத் தப்பைத் தொடர்ந்து செய்யும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவருடன் நான் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். புனேயில், கராடிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், வயிற்று அறுவை சிகிச்சை செய்பவர். பெயர் டாக்டர் சுந்தரராமன். நான் அவருக்கு மயக்க மருந்து கொடுப்பவன். அதாவது, அவருடைய நோயாளிகளுக்கு. நல்ல கைக்காரர், கெட்ட மனிதரும் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்ட மனிதராக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஔந்தில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். ஹ்யூமன் ஃபாக்டர்ஸ் என்று பெயர். விஷயம் எளிமையானது: ஆபரேஷன் தியேட்டரில் நடக்கிற தப்புகளில் பல, தெரியாமல் நடப்பவை அல்ல, களைப்பு, பசி, அவசரம், பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்கிற பயம், இவற்றால் நடப்பவை. ஆகவே கடைசி வரிசையில் நிற்பவர்கூட 'நிறுத்துங்கள்' என்று சொல்லப் பழக வேண்டும், முதல் வரிசையில் நிற்பவர் அதைக் கேட்கப் பழக வேண்டும். மனிதர்கள் தப்பு செய்வார்கள் என்பதை டாக்டர் அங்கே ஆழமாகக் கற்றுக்கொண்டார்.

மற்ற மனிதர்கள்.

திரும்பி வந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்களை உட்கார வைத்து, களைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றி நிறையச் சொல்வார், துணை விமானி பேசத் தயங்கியதால் வந்த விபத்துகளைக் குரல் தழுதழுக்க விவரிப்பார். தியேட்டரில் 'சார்' வேண்டாம், 'சுந்தர்' என்று பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். ஷ்ரேயஸ் என்ற டெக்னீஷியன் ஒருவன் கூப்பிட்டான். அடுத்த வாரம் அவனைக் கருவிகளை வேகவைக்கிற அடித்தளப் பிரிவுக்கு மாற்றினார்கள். தற்செயல்தான். ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. வகுப்பு முடிந்ததும் பெயர் எழுதாமல் கருத்து எழுதச் சொல்லித் தாள் கொடுப்பார், வாங்கிப் படித்துவிட்டு, 'இது நர்ஸ் ப்ரீதியோட கையெழுத்து' என்று பாசத்தோடு சொல்வார்.

அந்த வகுப்பில் அவர் எல்லோரையும் மனப்பாடம் செய்ய வைத்தது மூன்று வாக்கியம். ஏதாவது சரியில்லை என்று பட்டால் முதலில், 'எனக்குக் கவலையாக இருக்கிறது.' கேட்கவில்லையென்றால், 'எனக்கு இது சரியாகப் படவில்லை.' அப்போதும் கேட்கவில்லையென்றால், 'இது நோயாளியின் பாதுகாப்பு.' மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டதும் எல்லோரும் கையை நிறுத்திவிட வேண்டும். நாங்களும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கேன்டீனில் போஹா சாப்பிடப் போய்விடுவோம்.

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை ஆரோக்கியமணி டீச்சருக்கு ஆபரேஷன். அறுபத்து நாலு வயது, கன்டோன்மென்ட் பக்கம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பெருங்குடலில் ஒரு துண்டை எடுக்க வேண்டியிருந்தது. ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "முழிச்சிடுவேன்ல தம்பி?" என்று கேட்டார். "கண்டிப்பா" என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்வேன்.

மூன்று மணி நேரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன், உள்ளே இரத்தத்தை ஒற்றி எடுக்க வைத்த துணிகளை எண்ணுவது வழக்கம். கைக்குட்டை அளவுத் துணி, நாங்கள் மாப் என்போம். எண்ணுவது டாக்டரின் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துத் தருகிற நர்ஸ். அன்று அது ரெனிட்டா. கட்கியில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். இருபத்தாறு வயது, வீட்டில் மட்டும் பேசிய தமிழ். பாக்கெட் பிரித்துக் கொடுக்கிற ப்ரீதி தரையில் வரிசையாகப் போட்டிருந்த துணிகளை இருவரும் எண்ணினார்கள்.

"சார், ஒரு மாப் கம்மி இருக்கு. இருபது ஓப்பன் பண்ணோம். பத்தொன்பதுதான் வருது."

"மறுபடி எண்ணும்மா."

எண்ணினார்கள். பத்தொன்பது.

டாக்டர் கோபப்படவில்லை. பழைய இனமாக இருந்தால் கத்தியிருக்கும். இவர் குரலைத் தாழ்த்தி, கரிசனத்தோடு கேட்டார்: "ரெனிட்டா, காலையில என்ன சாப்பிட்டே?"

"போஹா சார்."

"எத்தனை மணிக்கு?"

"ஆறரை."

"பாத்தியா, இப்ப மணி ஒண்ணேகால். சுகர் இறங்கியிருக்கும். நேத்தும் உனக்கு டபுள் டியூட்டி. இது உன் தப்பில்லம்மா, இதைத்தான் ஹ்யூமன் ஃபாக்டர்னு சொல்றோம்." பிறகு ப்ரீதியையும் விட்டுவிடக் கூடாதென்று, "பாக்கெட்ல அஞ்சுக்குப் பதிலா நாலு வந்திருக்கும், கம்பெனிக்காரனும் மனுஷன்தானே" என்றார். தொழிற்சாலையில் துணி மடித்தவர் வரைக்கும் தப்பு செய்யக்கூடிய மனிதர்களின் பட்டியல் நீண்டது. அதில் ஒரே ஒருவர் மட்டும் இல்லை.

வயிற்றுக்குள் கையை விட்டு ஒருமுறை துழாவினார். "ஒண்ணுமில்ல. சூச்சர் குடு."

ரெனிட்டா தையல் ஊசியைக் கொடுக்கவில்லை. "சார், எனக்குக் கவலையா இருக்கு."

முகக்கவசத்துக்கு மேலே டாக்டரின் கண்கள் மலர்ந்தன. "சபாஷ். ட்ரெயினிங்ல சொன்ன மாதிரியே சொல்றே." நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"எனக்கு இது சரியாப் படல சார்."

"வெரி குட். ரெண்டாவது படி. ப்ரீதி, கவனிச்சுக்கோ, இப்படித்தான் பேசணும். சூச்சர்."

"சார், இது பேஷன்ட் சேஃப்டி."

இப்போது யாரும் பாராட்டவில்லை. ரெனிட்டா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறை போட்ட இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். "எக்ஸ்-ரே எடுக்காம நான் தர மாட்டேன் சார். நீங்க வேற யாரையாவது கூப்பிட்டுக்கோங்க. ஆனா கவுன்ட் சரியில்லன்னு எழுதிட்டுத்தான் போவேன்."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை, நாடித் துடிப்பு எழுபத்திரண்டு. முதல் வாக்கியத்தின்போதே 'அவள் சொல்வது சரி' என்று நான் சொல்லியிருக்கலாம், மூன்று வார்த்தைதான். எண்ணும்போது அவர்கள் தடுமாறவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். ஆனால் அடுத்த மாதப் பட்டியலில் எனக்கு எத்தனை ஆபரேஷன் என்று முடிவு செய்கிறவர் அவர். மானிட்டர் ரொம்ப சுவாரசியமாக இருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கௌஷிக், பேஷன்ட் எப்படி இருக்காங்க? சீக்கிரம் மூடிடலாமில்ல?"

ஒரு பொய்க்கு இடம் போட்டுக் கொடுத்திருந்தார். 'ஆமாம், பிரஷர் கொஞ்சம் இறங்குது' என்று நான் சொன்னால் விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். ரெனிட்டா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"ஸ்டேபிள் சார். அரை மணி நேரம்கூட இருக்கலாம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அன்று வீட்டுக்குப் போய் மனைவி வைஷுவிடம், 'நாங்க உறுதியா நின்னோம்' என்றேன். பன்மையின் சௌகரியம் அது.

எக்ஸ்-ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பில் எக்ஸ்-ரேயில் தெரிகிற நூல் ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். படத்தில், இடது விலாவுக்குக் கீழே, மண்ணீரலுக்குப் பின்னால், அந்த நூல் ஒரு வெள்ளைப் புழுவைப் போலச் சுருண்டு கிடந்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உள்ளே விட்டு எடுத்தார், ரெனிட்டா வாங்கி வரிசையில் போடச் சொன்னாள். "இருபது" என்றாள் ப்ரீதி. சூச்சர் கேட்காமலேயே அவர் கைக்கு வந்தது. முதல் நாலு தையல் போடும்போது அவர் கை வழக்கம்போல இல்லை. அதை நான் மதிக்கிறேன்.

டீச்சர் எட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். டாக்டரின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வயிற்றில் என்ன இருந்தது என்று அவரிடம் சொன்னார்களா? சொல்லத்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். யார் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தபோதே டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. மூன்று நாள் கழித்து ரெனிட்டாதான் போன் செய்து சொன்னாள். டீச்சர், "நீ எத்தனை தடவை எண்ணினே?" என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஒரு புது ஸ்லைடு வந்தது. 'திறந்த பண்பாடு ஓர் உயிரைக் காத்த கதை.' எண்ணிக்கையில் ஐயம் எழுந்ததும் அறுவை மருத்துவர் எக்ஸ்-ரே எடுக்க உத்தரவிட்டார் என்று அதில் இருந்தது. உருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டு, "கேள்வி இருந்தா தாராளமா கேளுங்க" என்றார். மூன்றாம் வரிசையில் கை உயர்ந்தது.

"சார், எக்ஸ்-ரே கேட்டது நான்."

"அதேதான்ம்மா. நான்னா இங்க டீம்னு அர்த்தம். குட் பாயின்ட்."

அவர் திருத்தவும் செய்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இப்போது ஸ்லைடில், 'செவிலியர் கேட்டார். மருத்துவர் உடனே செவிசாய்த்தார்' என்று இருக்கிறது. அந்த 'உடனே'யைப் பற்றி யாரும் கை தூக்கவில்லை.

ரெனிட்டாவும் தூக்கவில்லை, அவளுக்கு வேறு வேலை இருந்தது. நர்ஸிங் சூப்பரின்டென்டன்ட் ரூமுக்கு நாலு தடவை நடந்து, ஒரு பக்க விதி ஒன்றை எழுதி வாங்கினாள்: எண்ணிக்கை சரியாக வராவிட்டால், யாரும் யாரையும் கேட்காமல் எக்ஸ்-ரே மெஷின் உள்ளே வரும். படம் பார்க்காமல் தையல் கிடையாது. அதில் யாருடைய தைரியத்துக்கும் வேலை இல்லை. நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நமக்கென்ன, நாம் யார் வயிற்றையும் திறப்பதில்லை என்று நினைத்திருக்கலாம். மகர்பட்டாவில் ஐ.டி. கம்பெனி டீம் லீடாக இருக்கலாம், பள்ளி முதல்வராக இருக்கலாம், வெறும் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கலாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். 'நீங்கள் செய்தது தப்பு' என்று உங்களிடம் யாராவது கடைசியாகச் சொன்னது எப்போது? நினைவுக்கு வரவில்லையா? அப்படியானால் இரண்டில் ஒன்று. நீங்கள் தப்பே செய்வதில்லை. அல்லது, உங்களைச் சுற்றியிருப்பவர்கள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாவதுதான் என்று இப்போது ஒரு கணம் தோன்றியது இல்லையா?