மூன்று லிட்டர் பேரம்

கனவானுக்கு அந்தப் பட்டம் பண்பால் வந்ததில்லை, கனவால் வந்தது. கொட்டகையில் இஞ்சின் கழற்றிய சின்னக் கார் ஒன்று நின்றது. விடுமுறை மத்தியானங்களில் அதில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை மூடுவார். கூரை ஓட்டை வழியே விழும் வெயில் மலைப்பாதையாகிவிடும். இஞ்சினுக்கு வேகம் ஏற்றும் டர்போ மெல்ல விசிலடிக்கும். மேகம் கண்ணாடியை உரசும். மனிதர் சொக்கிப்போவார்.

கனவில் ஒரே குழப்பம், எத்தனை லிட்டர் இஞ்சின் என்பதுதான். ஒன்றரை வைத்தால் டர்போ சோம்பல் முறித்து எழுவதற்குள் மலையே முடிந்துவிடும். மூன்று வைத்தால் உடனே எழுந்துவிடும், ஆனால் கனத்தில் காரின் மூக்கு தரையைத் தேடும். இரண்டுதான் பொருத்தம். இரண்டு லிட்டர் என்று நினைத்தாலே அவருக்குக் காதோரம் காற்றடித்தது.

நிஜத்தில் சிக்கல் வேறு. மனைவி தையல்காரி. மெஷின்களும் துணி மூட்டைகளும் படுக்கையறையை அடைத்துக்கொண்டிருந்தன. காரை முடியுங்கள், இல்லையென்றால் கொட்டகையைக் கொடுங்கள் என்று கெடு வைத்துவிட்டாள்.

கனவான் திட்டம் போட்டார். அவள் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. மூன்று கேட்டால் இரண்டுக்கு இறக்குவாள். தானே இறக்கியதை அப்புறம் மறுக்க முடியுமா?

“மூணு லிட்டர் இஞ்சின் வைக்கலாம்னு இருக்கேன்.”

“அவ்வளவு பெருசா? ரெண்டு போதாதா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. உடனே எடுத்துக் குடித்திருக்கலாம். கொஞ்சம் பிகு பண்ணினால்தான் பேரம் இறுகும் என்று நினைத்தார். நுணலும் தன் வாயால் கெடும்.

“ரெண்டா? அதுக்கு உன் தையல் மெஷின் மோட்டாரே போதுமே. ரெண்டு லிட்டர் வண்டியில நான் காலை வைக்கமாட்டேன்.”

அவள் ஊசியில் நூல் கோத்தாள். “சரி, மூணே வச்சுக்குங்க.”

“இல்ல... நீ இவ்வளவு சொல்றப்ப ரெண்டுக்கே...”

“எனக்காக ஆசையைக் குறைக்காதீங்க. பாவம், எத்தனை நாள் கனவு.”

மறுநாள் ஆபீஸில் நாள் முழுக்க அவர் மூன்று லிட்டரில் மிதந்தார். மூக்கு தாழ்ந்தால் தாழட்டும், மனைவி மனசு வைத்துவிட்டாள். மலை, மேகம், பக்கத்து இருக்கையில் அவள். சாயங்காலம் வீடு திரும்பியபோது கொட்டகைக்குள்ளிருந்து இதமான ஒரு ரீங்காரம் வந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“கார் எங்க?”

“ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரே எங்க அண்ணன், அவர் வந்து எடுத்துக்கிட்டாரு. மூணு லிட்டர் இஞ்சின் நீளத்தை அவர்கிட்ட கேட்டு, டேப் வச்சு நானே அளந்து பார்த்தேன். நாலு இஞ்ச் இடிக்குது. சட்டைன்னா பிரிச்சு விடலாம். தகரத்துல எதைப் பிரிக்கிறது?”

“ரெண்டு லிட்டர்னா உள்ள போயிருக்குமே...”

“போயிருக்கும். அதுல நீங்க காலை வைக்கமாட்டீங்களே.”

கனவானுக்கு அழுகை வந்தது. கார் நின்ற இடத்தில் சட்டைகள் மலையாய்க் குவிந்திருந்தன.

“அப்ப நான் எங்க போறது?”

அவள் ஒரு சட்டையையும் ஊசி நூலையும் நீட்டினாள். “பெரிய காரா கிடைக்கட்டும். அதுவரைக்கும் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து நல்லாக் கனவு காணுங்க. கண்ணை மட்டும் மூடாதீங்க, பட்டன் கோணலாயிடும்.”