பந்தயத்துக்கு முன்பே வைத்த மண்குதிரை

கூச்சக்காரன் வாயைத் திறக்காதவரை குடும்பத்துக்கு நல்லது. நாலு பேர் நடுவில் என் பெயரைச் சொல்லவே திணறுகிறவன் நான். அப்படிப்பட்டவன் இருபது வயதில், ஒரு பந்தயம்கூட ஓடாத குதிரையைப் பற்றி விராலிமலைக் கடைவீதி முழுக்கப் பேசித் திரிந்தேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்கள் குறைந்து, குதிரை வண்டிக்கு மவுசு வந்திருந்தது. என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், வண்டி ஓட்டிப் பிழைத்தவர். நானும் அவரும் கூட்டாளிகளாகி, நிதானமான கிழக் குதிரையைக் கொடுத்துவிட்டு ராசா என்ற முரட்டு இளங்குதிரையைப் பிடித்து வந்தோம். திருவிழாக் குதிரைவண்டிப் பந்தயத்தில் ஜெயித்தால் பெரிய வீட்டுச் சவாரியெல்லாம் மச்சானுக்கு. தோற்றாலோ, அந்த முரட்டுக் குதிரையை நம்பி யாரும் பிள்ளைகுட்டியோடு வண்டி ஏற மாட்டார்கள்.

“இருக்கிறதே இந்த ஒரு பொழப்புதான். அது பந்தயத்துல ஓடி யாராச்சும் பாத்திருக்கீங்களா?” என்றாள் அக்கா.

“இனிமே பாக்கத்தானே போற,” என்றார் மச்சான், தானே ஓடப் போகிறவர் போல.

வேண்டுதல் பலித்த பிறகு ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் முன்கூட்டியே செய்யச் சொன்னோம்.

“செயிச்சப்பறம் வச்சுக்கலாமேங்க. சாமி எங்கயும் ஓடிப் போயிராதுங்க,” என்றார் மண்குதிரை செய்யும் வேளார்.

“செயிக்கத்தானே போறோம்! சாமிய எதுக்குக் காக்க வைக்கணும்?” என்றேன். (பூசாரியிடம் இன்னொரு தரம் திருநீறு கேட்கவே கூச்சப்படுகிற நான்தான்!)

ஐயனார் கோயில் பந்தயச் சாலையின் பாதி வழியில் இருந்தது; பந்தயம் முடியும் எல்லைக்கொடி அதற்கும் அப்பால். தினமும் விடிகாலையில் ராசாவை அதுவரை ஓட்டிவந்து, சாலையோரம் வைத்த எங்கள் மண்குதிரையின் காலடியில் ஊறிய கொள்ளுத் தீனியைக் கொட்டுவோம். கொள்ளோடு சாமியின் அருளும் உள்ளே போகும் என்பது எங்கள் கணக்கு. கோயிலைத் தாண்டி ஒருநாளும் ஓட்டவில்லை. இளங்கால், வீணாகத் தேயக் கூடாதல்லவா? நாளுக்கு நாள் வேகம் கூடியது.

“ஐயனாரப் பாத்துக்கிட்டே ஓடுது மாப்ளே!” என்று மச்சான் கண் கலங்கினார். நானும் கலங்கினேன்.

பந்தயத்தன்று கோயில் வாசலில் கூட்டத்தோடு நின்றேன். முதலில் வந்தது ராசாதான். மற்ற வண்டிகள் புழுதிக்குள் எங்கோ பின்னால் இருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவில் நின்று கத்தினேன்.

எங்கள் மண்குதிரைக்கு எதிரே வந்ததும் ராசா ஆணி அடித்தாற்போல் நின்றது. தலையைக் குனிந்து கொள்ளுத் தேடியது.

“ஏய்! ஹை! ஹை!” மச்சான் சாட்டையை வீசினார். ராசா அசையவில்லை. புழுதிக்குள் இருந்து வந்த அடுத்த வண்டிக்காரனுக்கு எதிரே நிற்பது தெரியவில்லை. மோதிய சத்தத்தை என்னால் எழுத முடியாது. மச்சான் சக்கரத்தின் அடியில் கிடந்தார்.

பின்னங்கால் முறிந்த ராசா இரண்டு நாளில் செத்துப் போனது. வைத்தியர் கட்டுப் போட்டதில் மச்சானின் முழங்கால் கூடியது, ஆனால் மடங்கவில்லை. மடங்காத காலோடு வண்டி ஏற முடியாது. அக்கா ஜல்லி உடைக்கப் போனாள். கூடவே நானும் போனேன்.

கட்டுப் போட்ட அன்று அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்: “அது கொடிக்கு ஓடுச்சா, கொள்ளுக்கு ஓடுச்சாடா?”

எல்லைக்கொடியை ராசா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு என் கூச்சம் எனக்குக் கைகொடுத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதைப் பற்றி அடித்துப் பேசினாலும் இந்தக் கேள்விதான். போன வாரம் என் மகன், “இந்த வேலை எனக்குத்தான், நிச்சயம்,” என்றான். “கொடிக்கா கொள்ளுக்காடா?” என்று முதலில் கேட்டதே மச்சான்தான். கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். நாங்களும் சிரித்தபடியே, அறைக்குக் குறுக்கே நீண்டிருக்கும் அவர் காலைச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனோம்.